முன் இருக்கையின் குளிர்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமையில், ஏசியைப் போட்டவுடன் கார் அழத் தொடங்கியது. அழுதது என்பது சரியான சொல்லா என்று தெரியவில்லை. கதவுக்குள் கால் அகப்பட்ட நாய்க்குட்டியின் சத்தம் போலத்தான் எனக்குக் கேட்டது. ஏசியை நிறுத்தினேன், சத்தம் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி கத்தியது. தற்செயலாக இருக்கலாமே என்று இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தேன். அந்த இன்னொரு முறையில்தான் பெல்ட் நன்றாகத் தேய்ந்தது என்று ஜவாஹிர் நானா பிறகு சொன்னார்.

நானாவின் கராச் பரந்தன் சந்திக்குப் பக்கத்தில், முல்லைத்தீவு வீதியில், ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிறது. முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில், சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக வேண்டி வந்து, அங்கே தொழில் பழகி, இங்கே திரும்பி வந்தவர். அவர் பொனற்றைத் தூக்கி, ஏசியைப் போடச் சொன்னார். கார் கத்தியது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"கொம்பிரசருக்குள்ள பெயரிங் முடிஞ்சுது. இண்டைக்கோ நாளைக்கோ இறுகும். இறுகினா பெல்ட் அறும். இந்தக் காருக்கு அந்த ஒரு பெல்ட்தான் தண்ணிப் பம்பையும் சுத்துது. பம்ப் நிண்டா எஞ்சின் அவிஞ்சு போகும். விளங்குதா கணக்கர்?"

நான் பகலில் முரசுமோட்டையில் ஒரு விதைநெல் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். பின்னேரத்தில் கிளிநொச்சிக்குப் போய்க் கணக்கியல் வகுப்பில் இருக்கிறேன். கணக்கர் என்பது நானா எனக்கு வைத்த பெயர்.

"இப்ப என்ன செய்யலாம் நானா?"

"ரெண்டு வழி. கொம்பிரசரையும் முன்னுக்கு இருக்கிற கொண்டென்சரையும் கழட்டிப்போட்டு, நீளம் குறைஞ்ச கட்டைப் பெல்ட் ஒண்டைப் போட்டா அலுவல் முடிஞ்சுது. இல்லையெண்டா வவுனியாவில இருந்து பாவிச்ச கொம்பிரசர் ஒண்டு கொண்டுவந்து போடலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் வவுனியாவுக்குப் போறன். அதுக்குள்ள சொல்லுங்க."

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

"என்னட்டக் கேட்டா கழட்டச் சொல்லுவன். பழைய எஞ்சின். உங்களையும் இழுத்து, ஏசியையும் இழுத்து, பாவம். தனிய ஓடித் திரியிற ஆளுக்கு ஏசி என்னத்துக்கு? நீங்க என்ன மாப்பிள்ளையா?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

"யோசியுங்க, யோசியுங்க. உங்கட முகத்தைப் பாத்தா பொம்பிளை பாத்திட்டு வந்த ஆள் மாதிரி இருக்கு."

கையில் ஒட்டியிருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மாவைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் இங்கே கராச் போடும்போது அம்மா கனடாவுக்குப் போய்விட்டிருந்தா.

அந்தக் காரை வாங்கியதே அம்மாவுக்காகத்தான். இரண்டாயிரத்து ஒன்பதில் அப்பாவை இழந்த அதே நாளில் எறிகணை வெடித்து அம்மாவின் தலைக்குள் ஒரு செல் துண்டு போனது. வலது காதுக்குப் பின்னால், எலும்புக்கு உள்ளே. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தவர்கள், அதை எடுப்பதைவிட விட்டுவிடுவதுதான் நல்லது என்றார்கள். மாரியில் அம்மா அதை மறந்துவிடுவா. வெய்யில் காலத்தில் அது அவவை விடாது. பங்குனி தொடங்கினால் ஈரத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தபடி இருப்பா. கிளினிக்குக்குப் பஸ்ஸில் போய் வந்தால், அடுத்த இரண்டு நாளும் இருட்டு அறைக்குள் படுத்திருப்பா. சோறு கொண்டுபோனால் கையை மட்டும் அசைத்து, வை என்பா.

கனடாவில் இருக்கும் அண்ணா கிருசாந்தன் கார் வாங்கச் சொன்னார். ஒரேயொரு நிபந்தனை: ஏசி வேலை செய்ய வேண்டும். வெள்ளை நிறப் பழைய ஜப்பான் கார் ஒன்று கிடைத்தது. நான் கார் ஓடப் பழகினேன். முதல் தடவை அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப்போனபோது உச்சி வெய்யில். ஆனையிறவில் உப்பளத்துப் பக்கம் கண்ணை வைக்க முடியவில்லை. இடப்பக்கத்து முன் இருக்கையில் இருந்த அம்மா, குளிர் வரும் துவாரத்தைத் தன் காதுப் பக்கம் திருப்பிவிட்டு நித்திரையாகிவிட்டா. கொடிகாமத்தில் முழித்தா.

"தம்பி, அது படுத்திட்டுது போல."

"எது?"

"உள்ள கிடக்கிறதுதான். சத்தம் போடாமல் ஓட்டு, எழுப்பிப் போடாதை."

அன்றைக்கு அம்மா பகிடி விட்டதைக் கனகாலத்துக்குப் பிறகு கேட்டேன்.

அண்ணாவுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா கனடாவுக்குப் போனா. போகும்போது, அடுத்த வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றா. கண்ணகி அம்மனுக்கு ஒவ்வொரு வைகாசியும் போய்ப் பொங்குவது அவவின் நேர்த்தி. அந்தப் பொங்கல் வந்து போனது. பிள்ளைக்குச் சளி, தடிமன் என்றா, விசாவையும் நீட்டித்திருந்தார்கள். அடுத்த பொங்கலுக்கு நிச்சயம் என்றா. அதுதான் இந்தப் பொங்கல். இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த முறை அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நானாவிடம் சொல்ல வேண்டிய பதிலை இவ்வளவு தூரம் சுற்றி யோசிக்க வேண்டுமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இது ஒரு காரின் பிரச்சினை. அதனால் காரைப் பற்றி மட்டும் யோசிப்போம் என்று தீர்மானித்தேன். ஏசி இல்லாமல் வேலைக்குப் போய் வந்து, சூட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். நடுவுக்குக் கீழேதான் நின்றது. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் காற்று வந்தது. தூசியும் வந்தது. சட்டைக் கொலர் கறுத்தது. வேறு குறை ஒன்றும் இல்லை. கழற்றலாம் என்று நினைத்தேன். களஞ்சியத்துக்குப் போய்ப் பூட்டைத் திறந்ததும், அது அவசர முடிவோ என்று தோன்றியது. கழற்றிய பிறகு திரும்பப் பூட்டுவது லேசான வேலை அல்ல என்று நானா சொல்லியிருந்தார்.

வகுப்பு முடியும்போது கடைசி பஸ் போய்விடும் என்பதால் என்னோடு படிக்கும் சுமித்திராவைப் பரந்தனில் இறக்கிவிடுவேன். அவள் பின் இருக்கையில்தான் இருப்பாள். ஏறிய முதல் நாளே, "ஏசியை நிப்பாட்டிப்போட்டுக் கண்ணாடியை இறக்குங்கோ அண்ணா" என்றாள். ஏசியில் ஏதோ நாற்றம் வருகிறதாக்கும் என்று நினைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காரின் துவாரங்களை ஈரத்துணியால் துடைத்தேன். அடுத்த நாளும் இறக்கச் சொன்னாள். பிறகு நான் ஏசியைப் போடுவதில்லை. காரணத்தையும் கேட்கவில்லை.

புதன்கிழமை கேட்டேன். முடிவு எடுக்க வேண்டியிருந்ததால் ஒரு பாவனையாளரின் கருத்தும் வேண்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

"ஏசி மணக்குதோ சுமித்திரா? உண்மையைச் சொல்லும்."

"மணக்கிறதோ? ஆர் சொன்னது?"

"நீர்தான் ஒவ்வொரு நாளும் கண்ணாடியை இறக்கச் சொல்லுறீர்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணா. பூட்டின காருக்குள்ள நீங்களும் நானும் போய் இறங்கினா, பரந்தன் சந்திக் கடைக்காரர் கலியாணமே செய்து வைச்சிடுவினம். கண்ணாடி திறந்திருந்தா, ஆக்கள் பாப்பினம், நான் பின்னுக்கு இருக்கிறது தெரியும், கதை முடிஞ்சுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. துடைத்த துவாரங்களை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

"அப்ப கழட்டுறதுதானே. ஆருக்கு வைச்சிருக்கிறீங்கள்?" என்றாள்.

"அம்மா வந்தா வேணும்."

"வாறாவோ?"

"தெரியாது."

"கேக்கேல்லையோ?"

கரடிப்போக்கைத் தாண்டும் வரை நான் வீதியையே பார்த்து ஓட்டினேன். அவளும் விடவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கேட்டா வந்திடுவா," என்றேன்.

"வந்தா நல்லம்தானே?"

"அங்க போன பிறகு அவவுக்கு ஒரு நாள்கூடத் தலைக்குத்து வரேல்லை."

சுமித்திரா இருக்கையை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தாள். பரந்தனில் இறங்கும்போது, "கவனமாப் போங்கோ," என்று மட்டும் சொன்னாள். வழமையாகவும் அதைத்தான் சொல்லுவாள். ஆனால் கதவை மெதுவாகச் சாத்தியதால் அது சரியாகப் பூட்டுப்படவில்லை. முரசுமோட்டையில் இறங்கி நான் அடித்துச் சாத்தினேன்.

அன்றிரவு கொப்பியில் இதை எழுதும்போதுதான், அவளிடம் சொன்னதை அதுவரை எனக்குள்ளேயே நான் சொல்லிக்கொண்டதில்லை என்பது தெரிந்தது. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிடுவாவோ என்ற பயத்தில்தான் நான் கேட்காமல் இருக்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது பிழை. வருகிறேன் என்று சொல்லிவிடுவா. நான் தனியே சமைக்கிறேன், தனியே சாப்பிடுகிறேன் என்று அவவுக்குத் தெரியும். ஒரு சொல் போதும், ரிக்கெற் போடச் சொல்லி அண்ணாவை நெருக்கத் தொடங்கிவிடுவா. வந்த பிறகு பங்குனியும் சித்திரையும் வைகாசியும் வரும். அவ்வளவு வெய்யிலுக்கும் எதிராக என்னிடம் இருப்பது ஒரு காரின் முன் இருக்கை. வீட்டு அறைக்கும் ஏசி பூட்டலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிசியை அறைக்கும் காருக்கும் நடுவில் வைத்திருக்க என்ன உரிமை எனக்கு என்று பிறகு யோசித்தேன். இதிலும் நான் பிழையாக இருக்கலாம்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் அம்மாவுக்கு எடுத்தேன். அங்கே இரவு. ஞாயிறுகளில் காரை இயக்கி, ஏசியைப் போட்டு, அதற்குள் இருந்துதான் அம்மாவோடு கதைப்பேன். ஓடாமல் கிடந்தால் ஏசி இறுகிவிடும் என்பது நான் சொல்லிக்கொள்ளும் காரணம். அன்றைக்கும் காருக்குள் போய் இருந்தேன். ஆனால் ஏசியைப் போட முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"என்ன தம்பி, கிழமை நடுவில? சுகமில்லையோ?"

"சுகம்தான் அம்மா. காரில ஒரு சின்னப் பிரச்சினை. அதைக் கேக்கத்தான்."

"காரைப் பற்றி என்னட்டையோ? நான் கதவு திறக்கவே உன்னைக் கூப்பிடுறனான்."

பெயரிங், பெல்ட், தண்ணிப் பம்ப் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். இரண்டு வழிகளையும் சொன்னேன். ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று, கழற்றினால் என்ன நன்மை, வைத்திருந்தால் என்ன நன்மை என்று சமமாகச் சொன்னேன். பின்னால் அண்ணாவின் பிள்ளை ஏதோ மழலையில் கத்துவது கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துப்பட்டது.

"நான் வாறதெண்டா வைச்சிருக்கப் போறாய். வராட்டிக் கழட்டப் போறாய். அதைத்தானே கேக்கிறாய்?"

"இல்லை அம்மா. பெல்ட்..."

"பெல்ட்டை விடு. நான் வர வேணுமோ? சொல்லு."

களஞ்சியத்துக்கு நெல் ஏற்றிப்போகும் உழவு இயந்திரம் ஒன்று வீதியில் போனது. அது போய் முடியும் வரை பதில் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. போய் முடிந்தது.

"இஞ்ச இந்த முறை வெய்யில் கூட, அம்மா," என்றேன்.

"அங்க எப்பவும் வெய்யில்தான்."

"இந்த முறை சரியான கூட. காலமை ஒன்பது மணிக்கே நிலத்தில கால் வைக்கேலாது. கிணத்துத் தண்ணியும் சுடுது."

கிணற்றுத் தண்ணீர் சுடவில்லை. அன்றைக்கு விடியக் குளித்தபோது உடம்பு நடுங்கியது.

அம்மா நீளமாக மூச்சுவிட்டது கேட்டது. அழுகிறாவோ என்று நினைத்தேன். ஆனால் பேசியபோது குரல் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"என்ர தலைக்குள்ள கிடக்கிறதைத்தான் கழட்டேலாது எண்டு டொக்ரர்மார் சொன்னவை. காருக்குள்ள கிடக்கிறதைக் கழட்டலாம்தானே. கழட்டு மோனை."

"சரி அம்மா."

"பொங்கலுக்கு நீ போ. எனக்கும் சேர்த்துப் பொங்கு. பால் எந்தப் பக்கம் பொங்கிச் சரியுது எண்டு பாத்துச் சொல்லு."

"சரி."

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன?"

"புட்டு."

கடையில் வாங்கிய பாண்தான் சாப்பிட்டிருந்தேன். புட்டு என்றால் அம்மா மேற்கொண்டு கேட்கமாட்டா. வைத்துவிட்டு, கார்க் கதவைச் சாத்தி, திறப்பை எடுத்தேனா என்று இரண்டு தரம் பார்த்தேன். கையில்தான் இருந்தது.

களஞ்சியத்துக்குப் போனதும் நானாவுக்கு எடுத்து, வவுனியாவில் ஒன்றும் வாங்க வேண்டாம் என்றேன்.

"இவ்வளவு கெதியா முடிவா?" என்றார். "கணக்கருக்குக் காய்ச்சலா?"

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் காரை வேப்பமரத்துக்குக் கீழே விட்டேன். நானா குழாய்களைக் கழற்ற, உள்ளே மிஞ்சியிருந்த காஸ் உஸ் என்று போனது. காரின் முன்பக்கத்தில் இருந்த கொண்டென்சரை வெளியே இழுத்தார். அதில் வண்ணத்துப்பூச்சிச் செட்டைகளும் நெல்லுப் பதர்களும் அடைந்து கிடந்தன. கொம்பிரசரைத் தூக்கி என் கையில் தந்தார். இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது.

"பழைய இரும்புக்குப் போடவா? இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கும்பிடப் போறீங்களா?"

"போடுங்கோ."

"முன்னுக்கு ஆர் இருந்து போறது? சீற் தேஞ்சிருக்கு."

"அம்மா."

"உம்மாவா? எங்க அவங்க?"

"கனடாவில."

அவர் கையில் இருந்த ஸ்பானரை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அட. முதலே சொல்லியிருந்தா நான் கழட்டச் சொல்லியிருக்க மாட்டனே. வயசான ஆக்களுக்கு வேணும்தானே. அவங்க வரக்குள்ள என்ன செய்வீங்க?"

"வரமாட்டா நானா."

அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானா பகிடி விடவில்லை. குனிந்து கட்டைப் பெல்ட்டைப் பூட்டி, பெருவிரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினார். பிறகு என்னை ஏறி இயக்கச் சொன்னார். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. சத்தம் மெலிந்திருந்தது.

"கேக்குதா? இப்பதான் மூச்சு விடுது," என்றார். "மெதுவா மிதியுங்க. பழைய நினைப்பில மிதிச்சா பாயும்."

பாய்ந்தது. இத்தனை காலம் இரண்டாம் கியரில் முனகிய இடங்களில் மூன்றாம் கியரில் போனது. கண்ணாடிகள் நாலும் இறங்கியிருந்தன. வெட்டிய வயல்களின் வைக்கோல் வாசமும், வாய்க்கால் கரையில் யாரோ குப்பைக்கு நெருப்பு வைத்த புகையும், வீதியில் போகிறவர்களின் பாதிப் பாதிக் கதைகளும் உள்ளே வந்தன. வெய்யில் இடப்பக்க இருக்கையின் மேல் விழுந்து கிடந்தது. அதில் கையை வைத்துப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கை முகப்பு எதிர்பார்த்ததைவிடக் கெதியில் வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன். சிக்னலையும் போட்டேன். வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், திங்கட்கிழமை வகுப்புக்கு ஒரு பயிற்சி செய்ய வேண்டும். ஒன்றுக்கும் அவசரம் இல்லை. யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை. சிக்னலை நிறுத்திவிட்டு நேரே போனேன்.

தருமபுரம் தாண்டி விசுவமடுவில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றேன். காரை எதிர்ப்பக்கத்து மரநிழலில் விட்டுவிட்டு வீதியைக் கடந்து வந்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கடைக்காரர் வாளித் தண்ணீரில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். என்னையும் காரையும் பார்த்தார்.

"எங்கை தம்பி பயணம்? முல்லைத்தீவோ?"

"இல்லை. சும்மா."

"சும்மாவோ? இந்த வெய்யிலுக்கு? சும்மா வெளிக்கிட்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்." துணியால் ஒரு கிளாஸைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "காருக்குள்ள ஆக்கள் இருக்கினமோ? நிழல்ல ஒண்டும் தெரியேல்லை. அவைக்கும் போடவோ?"

நான் திரும்பி வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

"இல்லை," என்றேன். "நான் மட்டும்தான்."

அவர் ஒரு தேத்தண்ணி போட்டார்.